“பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான்” என்பது சரியா?

“இருமினா, தும்மினா கொஞ்சம் போயிடுதும்மா” என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னால், “பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான்டி” என்பதே தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் கிடைக்கும் பதில். பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர் கசிகிறது என்பது உண்மைதான். அதற்காகக் காலமெல்லாம் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் தூளிச்சேலை போலக் கீழிருந்து ஏந்துபவை இடுப்புத்தளத் தசைகள். சுமந்தும் பெற்றும் தளர்ந்துபோன அவற்றுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலோருக்குக் கசிவு குறைகிறது, பலருக்கு நின்றேவிடுகிறது. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இலேயே இதை எழுதினார்.

“வயித்தை இறுக்கிக் கட்டினா கர்ப்பப்பை மேலே ஏறிடும்.” ஏறாது. அது தானாகவே சுருங்கி, ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இடுப்புக்கு ஆதரவாக இருக்கட்டும் என்றால் தளர்வான கட்டு போதும். மூச்சு முட்ட இறுக்கினால் வயிற்றின் அழுத்தமெல்லாம் தளர்ந்த தசைமேல்தான் இறங்கும்.

“தண்ணி குடிக்காதே, வயிறு பெருத்துடும்.” தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். தினமும் முக்குவது இந்தத் தசைகளுக்குக் கெடுதல். பால் கொடுப்பவள் தாகம் தீரக் குடிக்கட்டும்.

“எனக்கு சிசேரியன்தானே!” 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். கசிவுக்கான வாய்ப்பு அதில் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. கருவைச் சுமந்த மாதங்களிலேயே தசைகள் தளரத் தொடங்கிவிடுகின்றன.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று: “உழைக்கிற உடம்பு, நடவுக்குப் போனா தானா இறுகிடும்.” மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், கைக்குழந்தைக்காரியும் கூலிக்காகச் சேற்றில் இறங்குகிறாள். ஈரம் சொட்டும் நாற்றுமுடிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் கீழே தள்ளுகிறது. வயல்வேலை கைகால்களை உரமாக்கும், இந்தத் தசைகளை ஆற்றாது. செங்கல்பட்டு வட்டாரத்தில் தலித் பெண்களோடு வேலை செய்யும் ரூவ்செக் அமைப்பு, கர்ப்பப்பை இறங்கிய கிராமத்துப் பெண்களின் அனுபவங்களை 1990களில் பதிவு செய்தது. ஆண்டுக்கணக்கில் சிகிச்சையில்லாமல் அதோடேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். பிரசவமான முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தாய் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தைப் புருஷன் தூக்கட்டும்.

பயிற்சி செய்வதிலும் ஒரு தவறு பரவியிருக்கிறது. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. அப்படிச் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும், கூடவே முன்பக்கத்தையும் உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று விநாடியில் தொடங்கிப் பத்து வரை போகலாம். இறுக்கிப் பிடித்த அதே நேரம் தளர்த்தவும் வேண்டும். எட்டுத் தடவை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று, குறைந்தது மூன்று மாதம். இருமல் வரும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் வடியக் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்தபின், வலியில்லாவிட்டால், பிரசவமான சில நாளிலேயே தொடங்கலாம். இறுக்கும்போது வலித்தால் நிறுத்திவிடுங்கள். சிலருக்குத் தசை தளர்ந்திராது, விறைத்திருக்கும்; அவர்கள் தளர்த்தத்தான் பழக வேண்டும். அதை பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார்.

அடியில் ஏதோ கனமாக இறங்குவதுபோல் இருந்தால், மலம் அடக்க முடியாமல் போனால், மூன்று மாதம் செய்தும் கசிவு குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். “கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். எடுத்துவிட்டாலும் தளர்ந்த தசை தளர்ந்ததுதான். கர்ப்பப்பை இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது, அதைப் பற்றியும் கேளுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையம் போகத்தானே போகிறீர்கள்? அன்றைக்கே செவிலியரிடம் உங்களைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.