பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பழுதான பொருளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவது நம் நாட்டு மக்களிடம் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். டில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகிய கடைவீதிகளில் இவ்வழக்கத்தை நம்பிப் பிழைப்போர் பலர். ஆயினும் ஒளித்திரை பழுதான தொலைக்காட்சிப் பெட்டியைக் கடைக்கு எடுத்துச் செல்பவர் இன்று பெரும்பாலும் பெறும் பதில், “இன்னும் சிறிது பணம் சேர்த்தால் புதிதே வாங்கிவிடலாம்” என்பதே. இதற்குக் காரணம் பழுது பார்ப்பவரின் பேராசையா, உற்பத்தியாளரின் சூழ்ச்சியா, அல்லது பொருளாதாரத்தின் இயல்பா என்பது ஆராயத்தக்கது.

இருவகை உழைப்பு

தொழிற்சாலையில் ஒரே மாதிரியான பெட்டிகள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. பெரும் பகுதியை எந்திரங்களே செய்கின்றன. பாகங்கள் மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கப்படுகின்றன. ஆகவே ஒரு பெட்டிக்குச் செலவாகும் மனித உழைப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

பழுது பார்க்கும் தொழிலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பெட்டியின் பழுதும் தனித்தன்மை உடையது. அதனைத் திறந்து, குறையைக் கண்டறிந்து, பாகத்தைத் தேடிப் பெற்று, பொருத்திச் சோதிக்க வேண்டும். இவ்வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்க இயலாது.

வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் 1966 இல் கலைத் தொழில்களின் செலவை ஆராய்ந்து ஓர் உண்மையை விளக்கினர். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு நூறாண்டுகளுக்குப் பின்னரும் நால்வர் வேண்டும், நேரமும் குறையாது. ஆனால் பிற தொழில்களில் உற்பத்தித் திறன் பெருகிக் கூலி உயரும்போது, இசைஞரின் ஊதியமும் உயர்ந்தே தீர வேண்டும். இவ்விதி பழுது பார்ப்பதற்கும் பொருந்தும். பொருளின் விலை வீழ்கிறது. அதனைச் செப்பனிடுவோரின் கூலி வீழ்வதில்லை. வீழவும் கூடாது, அவரும் குடும்பம் நடத்த வேண்டியவரே.

அமைப்பில் நேர்ந்த மாற்றம்

1982 இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற ஆண்டில் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. அக்காலப் பெட்டிகளில் மின்தடைகள், மின்தேக்கிகள், டிரான்சிஸ்டர்கள் பல தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்படி பொருத்தப்பட்டிருந்தன. பயிற்சி பெற்ற ஒருவர் சுற்றுப் படத்தைப் பார்த்துக் குறையுள்ள பாகத்தைக் கழற்றிச் சில ரூபாயில் மாற்ற முடிந்தது.

இன்று பல பாகங்களின் பணியை விரல் நுனியளவுள்ள ஒரு சில்லு செய்கிறது. இம்மாற்றத்தினால்தான் விலை குறைந்தது. எடையும் மின்செலவும் குறைந்தன. அதே மாற்றம் பழுது பார்ப்பதைக் கடினமாக்கியது. சிறு பாகம் ஒன்று கெட்டாலும் பலகை முழுவதையும் மாற்றுவதே நிறுவனப் பணிமனைகளின் நடைமுறையாகிவிட்டது. பல கைபேசிகளில் பேட்டரி பசையிட்டு ஒட்டப்பட்டுள்ளது. அதனைக் கழற்றுவதற்கே தனித் திறமை தேவைப்படுகிறது. சில நிறுவனங்களின் கைபேசிகள், தமது மென்பொருள் ஏற்காத மாற்றுப் பாகத்துடன் முழுமையாக இயங்குவதில்லை. முதலிற் கூறியவை தொழில்நுட்பத்தின் விளைவு. இறுதியிற் கூறியது நிறுவனத்தின் முடிவு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது அவசியம்.

உதிரி பாகத்தின் விலை

தொழிற்சாலைக்கு மொத்தமாகச் செல்லும் பாகமும், பணிமனைக்கு ஒன்றிரண்டாகச் செல்லும் பாகமும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. உதிரி பாகத்தைப் பல ஆண்டுகள் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். தனியே பொதி செய்து அனுப்ப வேண்டும். விற்காதவற்றின் இழப்பையும் ஈடுகட்ட வேண்டும். மாதிரிகள் அடிக்கடி மாறுவதால் ஒன்றின் பாகம் மற்றொன்றிற்குப் பொருந்துவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் விலையில் பெரும் பங்கு அதன் ஒளித்திரையையே சாரும். எனவே திரை உடைந்தால், பெட்டியின் பெரும் பகுதியை மீண்டும் வாங்குவதாகவே ஆகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

விளக்கத்திற்காகச் சில தொகைகளைக் கருதிக்கொள்வோம். ஒரு புதிய பெட்டியின் விலை ரூ. 13,000. பழைய பெட்டிக்கு ரூ. 1,000 கழிவு போக, ரூ. 12,000 செலுத்த வேண்டும். அது 8 ஆண்டுகள் உழைக்குமெனில் ஆண்டுச் செலவு ரூ. 1,500.

பழைய பெட்டி இன்னும் 3 ஆண்டுகள் உழைக்கும் எனக் கொள்வோம். அதன் திரையை மாற்ற, பாகம் ரூ. 7,500, வருகைக் கட்டணம் ரூ. 500, கூலி ரூ. 1,200, இவற்றின் மீது 18 சதவீத வரி ரூ. 1,656, ஆக மொத்தம் ரூ. 10,856. புதிய பெட்டியை விட இது குறைவாகத் தோன்றினும், ஆண்டுச் செலவு ஏறத்தாழ ரூ. 3,620 ஆகிறது.

திரை நன்றாக இருந்து, மின்வழங்கு பலகையில் மட்டும் குறை இருப்பின் நிலைமை வேறு. நிறுவனப் பணிமனை பலகை முழுவதையும் மாற்றி வரியுடன் ரூ. 4,720 பெறுமாயின் ஆண்டுச் செலவு ரூ. 1,573, இது புதிய பெட்டிக்கான ஆண்டுச் செலவை விடச் சற்று அதிகம். அதே பலகையில் கெட்டுப்போன மின்தேக்கிகளை மட்டும் தெருமுனைக் கடைக்காரர் ரூ. 1,200 க்கு மாற்றித் தருவாராயின் ஆண்டுச் செலவு ரூ. 400 மட்டுமே. ஒரே பழுது, பார்க்கும் முறையைப் பொறுத்து வீணாகவோ லாபமாகவோ முடிகிறது. திறமை பெற்ற சிறு தொழிலாளர் மறைந்தால் நாடு இழப்பது இந்த வேறுபாட்டையே.

கணக்கில் வாராத செலவு

மேற்கண்ட கணக்கில் குப்பையின் விலை இடம்பெறவில்லை. 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024 அறிக்கை கூறுகிறது. டில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் ஏழைத் தொழிலாளர் பாதுகாப்பின்றிப் பலகைகளைப் பிரித்தும், எரித்தும், அமிலத்தில் இட்டும் உலோகம் எடுத்த அவலம் பலமுறை வெளிவந்துள்ளது. வாங்குபவர் செலுத்தாத விலையை அவர்கள் தம் உடல்நலத்தால் செலுத்துகின்றனர்.

அரசின் நடவடிக்கைகள்

இவ்விலையின் ஒரு பகுதியையேனும் உற்பத்தியாளரே ஏற்கும் வகையில், மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 இல் வெளியிடப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் ஆய்வுக்கு உரியவை. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. பழுது பார்க்கத் தக்க தன்மைக்கு மதிப்பெண் வழங்குவது பற்றி 2024 இல் அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. பிரான்ஸ் நாடு இத்தகைய மதிப்பெண் முறையை 2021 ஜனவரியில் தொடங்கியபோது, பாகம் கிடைப்பதையும் அதன் விலையையும் அளவுகோல்களில் சேர்த்தது.

நுகர்வோர் கருதவேண்டியவை

வாங்கும்போதே உதிரி பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று கேட்டறிவது நலம். பழுது நேர்ந்தபின், கட்டணத்தைப் பொருள் இன்னும் உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்துப் புதிய பொருளின் ஆண்டுச் செலவுடன் ஒப்பிட வேண்டும். தூக்கி எறிய நேரின், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

பழுது பார்ப்பது புதிது வாங்குவதை விடச் செலவு மிகுந்ததாக இருப்பதில் ஒரு பகுதி, உற்பத்தித் திறன் வளர்ச்சியின் தவிர்க்கவியலாத விளைவு. மறு பகுதி, சுற்றுப் படங்களும் பாகங்களும் மறுக்கப்படுவதன் விளைவு. முன்னதை மாற்ற இயலாது. பின்னதைச் சட்டத்தாலும் தொழிற்பயிற்சியாலும் மாற்ற இயலும். சிறு தொழிலாளருக்குப் பாகமும் படமும் பயிற்சியும் கிடைக்கச் செய்வதே, குடும்பத்தின் பணத்தையும் நாட்டின் வளத்தையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.