மேற்குச் சுவர்

சித்திரை மாதத்து இரவில், ஒன்பது மணிக்கு, உங்கள் வீட்டு மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுண்டா? மானாம்பதியில் நாங்கள் நால்வர் அவரவர் வீட்டில் வைத்துப் பார்த்தோம். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகியும், மூன்று வீடுகளில் செங்கற்சுவர் அப்போதுதான் இறக்கி வைத்த தோசைக்கல் போலிருந்தது. எங்களுள் ஒருத்தியின் பாட்டி வீட்டு மண்சுவர் மட்டும் குளிர்ந்திருந்தது. அந்த வீட்டை இடித்துப் புதுவீடு கட்டப் போகிறார்கள். "புதுவீட்டில் நான் திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறேன்" என்று பாட்டி இப்போதே சொல்லிவிட்டார். ஆகவே, வெப்பக் கடத்தல் எங்களுக்கு வெறும் பரீட்சைப் பாடமாக இல்லை.

பிற்பகல் வெயிலை வாங்கும் சுவர் அதை உடனே உள்ளே விடுவதில்லை. முதலில் தான் சூடேறி, பிறகு மெல்ல உள்ளே கடத்துகிறது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரைக் கடக்க வெப்பத்துக்கு ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் ஆகும். அதாவது, சரியாக நாம் பாய் விரிக்கும் வேளை! பாட்டி வீட்டுச் சுவரோ ஒரு முழத்துக்குக் குறையாத கனம். போதாததற்குத் தாழ்ந்த கூரை வெயிலை அதன்மேல் விழவே விடுவதில்லை. அத்தனை கனத்தில் இன்று சுவர் வைத்தால் சிறிய மனையில் அறைக்கு இடமேது?

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதற்கு ஒரு வழியைப் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பது அதன் பெயர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். மூன்று அங்குலச் செங்கல், நடுவே மூன்று அங்குல வெற்றிடம், மறுபடி மூன்று அங்குலச் செங்கல். இரண்டையும் இணைக்க இடையிடையே குறுக்குக் கல். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். அசையாத காற்று, செங்கல் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆனால், பொந்துக்குள் காற்று சற்றே சுழலும், குறுக்குக் கல்லும் வெப்பத்தைக் கடத்தும். ஆதலால், இருபது மடங்கு குளிர்ச்சி என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது (நாங்கள் முதலில் அப்படித்தான் போட்டோம்!). வெளியே வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிவிடும்.

மத்திய மின் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டுக் கட்டட விதி, கூரை நீங்கலாகச் சுவர், ஜன்னல்கள் வழியே வரும் சராசரி வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டலாகாது என்கிறது. அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு எழுதப்பட்டது. எங்கள் தோழியின் மனை அதில் பாதிகூட இல்லை. வெயிலுக்கு அந்த வேற்றுமை தெரியுமா?

படம் வரைந்து தோழியின் தந்தையாரிடம் காட்டினோம். "சுவருக்குள் பொந்து வைத்தால் எலிதானே வரும்?" என்று சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. "பாரம் தாங்குமா?" என்று கேட்டார். கேரளத்தில் இத்தகைய சுவர்மேல் மாடி வீடுகளே நிற்பதைச் சொன்னோம். கை பழகாத வேலை, நாள் கூடும் என்று தயங்கியவர், மறுநாள் பழைய செங்கல்லில் இடுப்பளவுக்கு ஒரு மாதிரிச் சுவர் எழுப்பிப் பார்த்தார். மேலே ஏறியும் நின்றார்!

மேற்குச் சுவர் ஒன்று மட்டும் அவ்வாறு கட்டுவதென முடிவாகியிருக்கிறது. பாட்டியின் பாயை அதன் ஓரமாகவே விரிக்கப் போகிறோம். உள்ளங்கையை வைத்துப் பார்க்க அடுத்த சித்திரை வரவேண்டும்.