பல்லும் நூலும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருமென்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வுறுதி குலைவது எங்ஙனம் என்பதையும், அதனை ஒரு நூலிழையால் அறிய முயலும் புதுமுறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1909ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு இரசாயன அறிஞர் சோரன்சன், திரவங்களின் அமிலத்தன்மையைக் குறிக்கப் பி.எச். என்னும் அளவையை வகுத்தார். அதில் 7 நடுநிலை. குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓரெண் குறையுங்கால் அமில வன்மை பத்து மடங்காகும். உமிழ்நீர் பெரும்பாலும் 7ஐ ஒட்டியே நிற்கும். ஆயினும் பல்லிற் படிந்த அழுக்கில் வாழும் கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை விளைக்கின்றன. சர்க்கரைநீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் அப்படிவின் பி.எச். விரைந்து இறங்குவதையும், பின்னர் மெல்லமெல்ல மீளுவதையும் 1940களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்கர் விளக்கினார். ஏறக்குறைய 5.5க்குக் கீழே பல்லின் மேலோடு கரையத் தொடங்கும். மீளும் வேளையில், இழந்த சுண்ணச்சத்தை உமிழ்நீர் ஓரளவு திரும்ப ஊட்டும். குழி விழுந்தபின்னரோ அப்பல் தானே வளர்ந்து நிரம்புவதில்லை.

பெருமாள்மலையின் குளிரில் இனிப்புக் காப்பி பருகும் இருவரைக் கருதுவோம். ஒருவர் உணவோடு ஒரு முறையிற் பருகி முடிக்கிறார். மற்றவர் அதே அளவைக் காலைமுதல் மாலைவரை மடக்கு மடக்காக அருந்துகிறார். சர்க்கரை ஒன்றே, ஆயினும் பின்னவர் பல்லுக்கு மீள ஓய்வில்லை. கொடைக்கானல் சாக்லேட்டைக் கன்னத்திலடக்கிச் சுவைப்பவர் நிலையும் அஃதே. ஒருகணம் நாவில் வைத்தெடுக்கும் சோதனைத்தாள் இவ்வேறுபாட்டைக் காட்டாது. இடைவிடாது அளக்கும் கருவியே காட்டும்.

வாய்க்குள் உறுத்தாதிருக்க அக்கருவி வளைதல் வேண்டும். அதற்கு நூலே தக்கது. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல அஃது உமிழ்நீரைத் தானே ஈர்க்கும். ஓரிழையிற் கரிமையும் பாலியனிலின் என்னும் பொருளும் பூசுவர். மற்றோரிழையில் வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் சேர்ப்பர். அமிலம் மாறுந்தோறும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் மாறும். கொள்கையளவில், 25 பாகை வெப்பத்தில், ஒரு பி.எச். மாற்றத்திற்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்டு வேறுபாடு உண்டாம். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டஃப்ட்சுப் பல்கலைக்கழகத்தார், உணர்திறன் ஊட்டிய நூல்களால் உடற்றிசுக்களின் நிலையை அளந்து, கம்பியின்றிச் செய்தி அனுப்பும் வகையை வெளியிட்டனர். வாய்க்கு இம்முறையைப் பொருத்துவதில் இடர்களும் உள. சூடும் எச்சிற்படிவும் அளவைப் பிறழச் செய்யும். பூச்சு உதிராமலும் நஞ்சாகாமலும் இருத்தல் வேண்டும்.

நோவு தோன்றுமுன்னரே அழிவு தொடங்குகிறது என்பதே மாணவர் கொள்ளத்தக்க பாடம். நூல் நம் வாயை எட்டுமளவும் காத்திராது, இனிப்பை உணவோடு உண்டு, இடைவேளைகளில் தூயநீரே பருகி, பல்லுக்கு உரிய ஓய்வை அளிப்போமாக.