64 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்

அன்புள்ள மருமகனே,

விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கினால் புளியறை 64 கி.மீ.தானே, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாமே என்று கேட்டிருக்கிறாய். 64 சரிதான். ஆனால் அது வானத்துக் கணக்கு.

அந்த எண் எப்படி வந்தது என்று நீயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு இடத்துக்கும் அட்சரேகையில் சுமார் 0.5 டிகிரி, தீர்க்கரேகையில் சுமார் 0.3 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 110 கி.மீ. என்றால் தெற்கே 55, மேற்கே 33. இனி பிதாகரஸ் தேற்றம்தான்: இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடு. 64 வரும். (காஷ்மீருக்கு இப்படிப் போடாதே. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும்.)

சாலை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எஸ் வளைவு. அதில் ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று சுற்றித்தான் போக வேண்டும். நூறு கி.மீ.யை ஒட்டி வரும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்தால் அதன் வேகம்தான் உன் வேகம். இந்தத் தடத்தில் ஓடும் டிரைவரிடம் தூரம் கேட்டுப் பார், மணிக்கணக்கில்தான் பதில் வரும்.

இதற்கே அலுத்துக்கொள்ளாதே, பாபநாசத்துக்காரர்களை நினைத்துப் பார். அவர்களுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோட்டில் 55 கி.மீ.தான். நடுவில் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. நம் ஆரியங்காவுக் கணவாயை விட்டால் தெற்கே ஆரல்வாய்மொழி வரை மலையைக் கடக்கும் சாலையே கிடையாது. இரண்டில் எதைப் பிடித்தாலும் இரு மடங்குக்கு மேல் சுற்று.

ரயிலும் நம் கணவாய்க்குள் நுழைந்துதான் மேற்கே போகிறது. 1904இல் மீட்டர்கேஜாக வந்த பாதை, 2018இல் அகலப்பாதையாக முழுதும் திறந்தது. செங்கோட்டை–புனலூர் 49 கி.மீ.தான். பாதை அகலமானாலும் ஏற்றம் ஏற்றம்தானே! முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டி, அந்தத் தூரத்துக்கு இன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

விமானமாவது நேரே பறக்குமா என்றால், அதுவும் முழுக்க இல்லை. சென்னை–திருவனந்தபுரம் நேர்கோட்டில் சுமார் 610 கி.மீ. மணிக்கு 800 என்று வகுத்தால் முக்கால் மணி நேரம் வரும். டிக்கெட்டிலோ ஒன்றரை மணியை ஒட்டிப் போட்டிருப்பார்கள். நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, காற்றுக்கு எதிராக இறங்க ஒரு சுற்று சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த 800 நடுவானில் மட்டும் கிடைக்கிற வேகம்.

இப்போது உன் பயணத்தைக் கூட்டு. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி, அங்கே காத்திருப்பு இரண்டு, விமானம் ஒன்றரை, பெட்டி எடுத்து வெளியே வர அரை, மலைப்பாதை மூன்று. ஆக எட்டு மணி நேரம், அதுவும் பகல் முழுக்க விழித்தபடி. பொதிகை ரயிலில் பன்னிரண்டு மணி நேரம்போல ஆகும். ஆனால் இரவில் ஏறிப் படுத்தால் காலையில் செங்கோட்டை. அங்கிருந்து நம் வீடு ஏழெட்டு கி.மீ. கணக்கு எதைச் சொன்னாலும் நான் பொதிகை கட்சி.

விமானம்தான் என்று நீ முடிவு செய்தால், ஓணத்தை ஒட்டிய நாட்களிலோ, குற்றால சீசனின் சனி ஞாயிறுகளிலோ வராதே. வந்தே ஆக வேண்டுமென்றால் மலைப்பாதைக்கு மூன்றுக்குப் பதில் நான்கு மணி நேரம் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா