கையை ஊன்றி விழுந்தவர்கள்

மணிக்கட்டு எலும்பு முறிவு பற்றி வந்த கடிதங்களுக்கு, மதுரை பழங்காநத்தத்தில் மருத்துவம் பார்க்கும் எலும்பு மூட்டு மருத்துவர் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் மூன்று பெண்கள் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். மூவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். நம் பக்கம்தான் இது அதிகமா, டாக்டர்? தண்ணீரில் ஏதும் கோளாறா?
– வாசகி, வசந்த நகர்

பதில்: தண்ணீரின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. தெருவுக்கு மூன்று பேர் என்றதும் உங்களுக்குத் திகைப்பு, எனக்கு இல்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கு 2001-ல் வெளிவந்தது. 50 வயதாகும் பெண்ணுக்கு மீதி ஆயுளில் முன்கை எலும்பு முறியும் வாய்ப்பு நூற்றுக்கு 16-க்கு மேல். ஆணுக்கு 3-க்கும் குறைவு. ஆறு பெண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் மால்மோ நகரத்தின் முன்கை முறிவுகளை எண்ணி 1962-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுகிறது என்பதை அன்றே பார்த்துவிட்டார்கள்.

நம் நாட்டில் அரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் இடுப்பு எலும்பு முறிவை எண்ணியிருக்கிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 129 பேர். இடுப்பு முறிந்தவரால் எழுந்திருக்க முடியாது, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும். அதனால் கணக்கில் ஏறிவிடுகிறார். மணிக்கட்டு முறிந்தவர் பல நேரம் கணக்கில் ஏறுவதில்லை, தன் காலாலேயே நடந்து சுளுக்கு எடுப்பவரிடம் போய்விடுகிறார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமையலைத் தொடர்பவர்களும் உண்டு.

போன மாதம் முழங்கால் வலிக்காக வந்த ஓர் அம்மா சீட்டை என்னிடம் நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தேன். மணிக்கட்டின் மேல்பக்கம் மேடு தட்டி, கை முழுவதும் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. “அது நாலு வருசத்துக்கு முன்னாடி பிசகுனது சார்” என்றார். பிசகு இல்லை. முறிந்து, கோணலாகவே கூடிப்போன எலும்பு. எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அது இல்லை. இப்படி எத்தனை கைகள் மதுரையைச் சுற்றி இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

உங்கள் தெருவில் அந்த மூவரும் எங்கே விழுந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாசல் தெளித்த சிமென்ட் சரிவு, சாக்கடையின் மேல் போட்ட, ஆடுகிற கல், சோப்புத் தண்ணீர் ஓடும் துவைக்கிற கல்லடி. மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: மாடுபிடி வீரன் நான். பயிற்சியில் விழுந்து மணிக்கட்டில் விரிசல் என்று மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கட்டோடு வாடிவாசலுக்குப் போகலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: கூடாது.

கேள்வி: பைபாஸ் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தேன். வயது 26. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வாரம் ஆகியும் வண்டி ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் உயிர் போகிறது.
– வாசகர், காளவாசல்

பதில்: தம்பி, கட்டைவிரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில் ஒரு பள்ளம் விழும். பழைய ஆட்கள் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுவார்களே, அந்தப் பள்ளம். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் நாளைக்கே மறுபடி எக்ஸ்ரே எடுங்கள்.

அந்தப் பள்ளத்துக்குக் கீழே முந்திரிப் பருப்பு அளவில் படகு வடிவ எலும்பு ஒன்று இருக்கிறது. கையை ஊன்றி விழும் இளவட்டங்களுக்கு அது அடிக்கடி முறியும். முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமல் போவது சகஜம். பத்து, பதினான்கு நாள் கழித்து எடுத்தால் பெரும்பாலும் தெரியும். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். முப்பது வயதில் மூட்டுத் தேய்மானத்தோடு வரும் பையன்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். “படத்துல ஒண்ணுமில்ல” என்பது அன்றைய படத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

கேள்வி: மாமியாருக்கு மணிக்கட்டில் அடி. முட்டைப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து விரல்கள் வீங்கிக் கருநீலமாகிவிட்டன. மரத்துப்போகிறது என்கிறார். கட்டியவரோ, “எலும்பு சேரும்போது அப்படித்தான் இருக்கும்” என்கிறார்.
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: உங்கள் கடிதத்தைப் பார்த்த நிமிடமே இதழ் அலுவலகத்திலிருந்து போன் செய்து கட்டை அவிழ்க்கச் சொன்னோம். விரல்களில் நிறம் திரும்பிவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நான் அடுத்த வேலையைப் பார்த்தேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

எலும்பு சேரும்போது விரல் கருக்காது. ரத்தம் போகாவிட்டால்தான் கருக்கும். ரத்தமில்லாமல் ஆறு மணி நேரம் கிடந்தால் தசை சாக ஆரம்பித்துவிடும். பிறகு கை கொக்கிபோல மடங்கி அப்படியே நின்றுவிடும். அழுகிப்போய்க் கையையே எடுக்க நேர்ந்ததும் உண்டு. முறிவு நல்லபடியாகக் கூடக்கூடிய முறிவு, அதைக் கெடுத்தது கட்டு. வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டே போகும், கட்டு ஏறாது. முதல் நாள் கச்சிதமாக இருந்தது இரண்டாம் நாள் சுருக்குக் கயிறாகிவிடும். போட்டது மாவுக்கட்டாக இருந்தாலும், போட்டவர் பெரிய டாக்டராக இருந்தாலும் இதே விதிதான். விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், விழுந்த உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு 54 வயது. வாசல் தெளிக்கும்போது வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு நன்றாகக் கூடிவிட்டது. டாக்டர் எலும்பு அடர்த்திச் சோதனை எழுதிக் கொடுத்தார். “கைதான் கூடிருச்சே, எதுக்கு வீண் செலவு” என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

ஐயா, நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கு நல்ல எலும்பு முறியாது. மாடியிலிருந்து விழவில்லை, லாரி மோதவில்லை. வெறும் வாசல். அங்கே விழுந்து முறிந்ததென்றால் எலும்பு ஏற்கெனவே உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கலாம். மாதவிலக்கு நின்றதும் எலும்பைக் காத்துவந்த ஹார்மோன் வற்றிவிடுகிறது. சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இது இன்னும் முந்தியே தொடங்கிவிடும். மூச்சிறைப்புக்கும் மூட்டு வலிக்கும் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் அப்படியே.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், நடமாட்டத்தோடு இருந்த, மாதவிலக்கு நின்ற பெண்களைச் சோதித்து 2008-ல் எழுதினார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவதோர் இடத்தில் எலும்பு அரித்துப்போகும் எலும்புப்புரை நோய் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் யாரும் அதில் இல்லை, உங்கள் மனைவியைப் போல ஓடியாடி வேலை செய்தவர்கள். “மதுரை வெயிலுக்கு வைட்டமின் டி குறையுமா?” என்று கேட்பீர்கள். நம்மைப் போலவே வெயில் காயும் திருப்பதிப் பக்கத்தில் ஆரோக்கியமானவர்களைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் பரவலாகக் குறைவுதான். வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். காலை ஆறரை மணி இளவெயிலில் வாக்கிங் போனால் வைட்டமின் டி சேரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, அதில் அநேகமாக ஒன்றும் சேராது. பதினொரு மணிக்கு மேல், கையும் முதுகும் படும்படி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இப்போது நான் கவலைப்படுவது கூடிவிட்ட கையைப் பற்றி இல்லை. இப்படி ஒருமுறை முறிந்தவருக்கு இன்னோர் எலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐம்பத்து நாலில் விழும்போது சட்டென்று கையை நீட்டி ஊன்றிக்கொள்ளும் வேகம் இருக்கிறது. எழுபத்தைந்தில் அந்த வேகம் இருக்காது. அப்படியே பக்கவாட்டில் சாய்வார், இடுப்பு முறியும். இடையில் இருக்கிற இந்த இருபது வருடம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதைத்தான் வீண் செலவு என்று சொல்லிவிட்டீர்கள்.

படுக்க வைத்துச் சில நிமிடத்தில் முடிகிற சோதனை அது, ஊசிகூடக் கிடையாது. முடிவைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். மற்றபடி வீட்டில் கேப்பை இருக்கிறதா? 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 1200-ல் கால் பங்குக்கு மேல். முருங்கைக்கீரை, தயிர், நெத்திலி, எல்லாம் நல்லது. ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை ரசத்தோடு சாப்பிட்டு எழுகிறவருக்கு இவற்றில் எது போய்ச் சேர்கிறது என்று இன்று ராத்திரி கொஞ்சம் கவனியுங்கள் ஐயா.

கேள்வி: அப்பத்தாவுக்கு 76 வயது. மினிபஸ்ஸில் ஏறும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒரு டாக்டர் ப்ளேட் வைத்தே ஆகவேண்டும் என்கிறார், இன்னொருவர் மாவுக்கட்டே போதும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், ஜெய்ஹிந்த்புரம்

பதில்: பயப்படாதீர்கள், இரண்டு பேரும் உங்களை ஏமாற்றவில்லை. டப்ளினில் ஆபிரகாம் காலஸ் என்ற அறுவை மருத்துவர் 1814-லேயே இந்த முறிவைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருடம் முன்னால், கையால் தொட்டுப் பார்த்தே எழுதியது. கோணல் நிலைத்தாலும் கை மறுபடி வேலை செய்யும் என்றார். வயதானவர்கள் விஷயத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். 65 வயதைத் தாண்டியவர்களை இரண்டாகப் பிரித்து, ப்ளேட்டையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. எக்ஸ்ரேயில் ப்ளேட் வைத்த கை அழகாக இருந்தது. ஒரு வருடம் கழித்து, வலியிலும் வேலையிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தோல் கிழிந்திருந்தால், விரல்கள் மரத்துப்போயிருந்தால், மூட்டுக்குள்ளேயே எலும்பு நொறுங்கியிருந்தால் கதை வேறு.

அப்பத்தா அந்தக் கையால் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மல்லிகை கட்டிப் பிழைப்பவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், முடிவு மாறலாம். எதுவானாலும் கட்டுப் போட்ட அன்றிலிருந்தே விரல்களை முழுக்க மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தூளியிலேயே தொங்கப் போட்டுவைத்தால் தோளும் இறுகிவிடும். தினமும் நாலைந்து முறை கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். “முறிஞ்ச கை, அசையாம வையி” என்று வீட்டில் எல்லோரும் அன்பாகச் சொல்வார்கள். கேட்க விடாதீர்கள். மாவுக்கட்டோடு பூண்டு உரிக்கலாம், கறிவேப்பிலை உருவலாம், வெற்றிலை மடிக்கலாம். குடம் மட்டும் தூக்கக் கூடாது.