எலக்ட்ரான் ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம்?

ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்புப் பாடம். போரின் வட்டப்பாதைகளைக் கரும்பலகையில் வரைந்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், ஒரு சுத்து சுத்த எலக்ட்ரானுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" எத்தனையோ ஆண்டுகளாக அந்த வட்டத்தை வரைகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன்.

மறுநாள் கணக்கை அவர்களையே போடச் சொன்னேன். ஹைட்ரஜனின் முதல் வட்டப்பாதையின் ஆரம் 5.29 × 10⁻¹¹ மீட்டர். எலக்ட்ரானின் வேகம் விநாடிக்கு 2.19 × 10⁶ மீட்டர். சுற்றளவை வேகத்தால் வகுத்தால் 1.52 × 10⁻¹⁶ விநாடி. அதாவது 152 அட்டோ விநாடி. அளவீடு பாடத்தின் முன்னொட்டு அட்டவணையில் கடைசிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் 'அட்டோ' (10⁻¹⁸) அன்றுதான் எங்கள் வகுப்பில் முதன்முதலாக வேலை செய்தது.

இந்த எண் எவ்வளவு சிறியது என்பதை உணர்த்த காட்டூர்ப் பிள்ளைகளுக்கு ஸ்ரீஹரிகோட்டாவே போதும். ராக்கெட் கிளம்பும் வெளிச்சம் உடனே தெரியும். ஓசை வரச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். 40 கிலோமீட்டர் என்று கொண்டு அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள். பிறகு இன்னொரு கணக்கு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. ஓர் ஆண்டுக்கு 3.15 கோடி விநாடி. பெருக்கினால் 4.35 × 10¹⁷ விநாடி. ஒரு விநாடிக்குள் இருக்கும் அட்டோ விநாடிகள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது.

ஆசிரியர்கள் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலக்ட்ரான் உண்மையில் கோள்போலச் சுற்றுவதில்லை. போரின் படம் ஒரு மாதிரி. 152 என்பது அணுவுக்குள் நிகழ்பவற்றின் கால அளவைக் காட்டும் எண், அவ்வளவே.

"அவ்ளோ வேகமா நடக்கறத எப்படி மிஸ் போட்டோ எடுக்கறது?" வீச்சுவலை விரியும் கணத்தைக் கைப்பேசியில் எடுத்தால் கலங்கித் தெரிவது அவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியைவிடக் குறுகிய ஒளித்துடிப்பு வேண்டும். ஆனால் 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஓர் அலை கடந்து போகவே 2,300 அட்டோ விநாடி ஆகிறது. அதற்குள் நம் எலக்ட்ரான் பதினைந்து சுற்று முடித்துவிடும். ஓர் அலையைவிடக் குறுகிய துடிப்பை அந்த ஒளியைக்கொண்டு உருவாக்க முடியாது. இந்தச் சுவரில்தான் லேசர் இயற்பியல் முட்டி நின்றது.

வழி 1987-இல் பிரான்சில் தென்பட்டது. ஆன் லூலியேவும் உடன் பணியாற்றியவர்களும் அகச்சிவப்பு லேசரை ஒரு மந்த வாயுவுக்குள் செலுத்தியபோது, அதன் அதிர்வெண்ணைப்போல் பல மடங்கு கொண்ட ஒளிகள் வரிசையாக வெளிப்பட்டன. ஏன் என்பதற்குக் கோட்பாடு தேவைப்பட்டது. 1993-இல் கனடாவின் பால் கார்கம் தந்த விளக்கம் பிள்ளைகளுக்கும் புரியும்: லேசரின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிடுங்குகிறது, புலம் திசை மாறியதும் திருப்பி இழுக்கிறது, எலக்ட்ரான் வந்து மோதிச் சேரும்போது சேர்த்த ஆற்றலை ஒளியாக உமிழ்கிறது. மறு ஆண்டே லெவன்ஸ்டைன், லூலியே, கார்கம் முதலியோர் இதைக் குவாண்டம் கணக்கில் எழுதினர். 2001-இல் பியேர் அகோஸ்தினி குழு 250 அட்டோ விநாடித் துடிப்புகளின் தொடரையும், ஃபெரென்ட்ஸ் கிராவுஸ் குழு 650 அட்டோ விநாடித் தனித்துடிப்பையும் அளந்தன. அகோஸ்தினி, கிராவுஸ், லூலியே மூவருக்கும் 2023-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அழைப்பு வந்தபோது லூலியே சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் பேசிவிட்டுத் திரும்ப வந்து பாடத்தை முடித்தார். (இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.)

லூலியே 1986-இல் முனைவர் பட்டம் பெற்றபின் கோத்தன்பர்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஆய்வு செய்தார் என்றதும், "பட்டம் வாங்கின பிறகும் படிப்பாங்களா?" என்று வியந்தார்கள். அது படிப்பன்று, வேலை என்றேன். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் என்பவர் இரண்டு மூன்று ஆண்டு வேறொரு அறிஞரின் குழுவில் சேர்ந்து சொந்தக் கேள்வியைத் தேடிக்கொள்பவர். "சொந்தப் படகு வாங்கறதுக்கு முன்னாடி வேற படகுல ஆளாப் போற மாதிரி" என்றான் ஒரு மாணவன். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைவிட இது மேல். கோட்பாட்டு ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் லேசர் வாங்க வேண்டாம். தாள், கணிதம், கணினி போதும். இத்துறை எங்கோ தொலைவிலும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலேயே அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவி பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படுவாள் என்று அவள் அம்மா ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே பணத்தையும் மறைக்காமல் பேசினேன். முதுகலைக்குப் பிறகு தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் (2023 முதல்). "படிக்கிறவங்களுக்கேவா?" என்று அவள் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டாள். அம்மாவிடம் காட்டுவாளாம். அவரை நானும் ஏரிக்கரையில் பார்த்துப் பேசினேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.

போன வாரம் அடுத்த கேள்வி வந்தது: "பிடுங்கின எலக்ட்ரான் திரும்பி வர எவ்ளோ நேரம் மிஸ்?" 800 நானோமீட்டர் லேசர் என்று கொண்டு ஓர் அலையின் நேரத்தை முதலில் கண்டுபிடி, அதற்குள்தான் என்று சொல்லியிருக்கிறேன். விடையைத் திங்கட்கிழமை கொண்டுவருகிறாள்.