ரிக் வண்டியில் ஓர் எபிரேயச் சொல்

போர்வெல் ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர் திருச்செங்கோடு. பட்டறைக்கு வரும் வண்டிகளின் நெற்றியில் அர்த்தநாரீஸ்வரர் துணை இருக்கும், 786 இருக்கும், அல்லேலூயாவும் இருக்கும். “கடைசியில இருக்கறது வெள்ளைக்காரன் உட்டுட்டுப் போன வார்த்தைங்க” என்றார், டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெரியவர். இல்லை. அது யூதர்களின் எபிரேயம். ‘யாவைத் துதியுங்கள்’ என்று பொருள். யா என்பது அவர்களின் இறைப்பெயர்ச் சுருக்கம். யூதமும் கிறிஸ்தவமும் பற்றிப் பெரியவருடையதைப் போன்ற தவறான நம்பிக்கைகள் இன்னும் சில உண்டு.

நம்பிக்கை: இயேசு பிறப்பால் கிறிஸ்தவர்.
உண்மை: யூதராகப் பிறந்தார், யூதராகவே இறந்தார். எட்டாம் நாள் விருத்தசேதனம், ஓய்வுநாளில் ஜெபஆலயம் என்கிறது லூக்கா நற்செய்தி. கடைசி இராவுணவு பஸ்கா விருந்து என்று முதல் மூன்று நற்செய்திகளும் சொல்கின்றன. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்டதை யூதர் நினைவுகூரும் பண்டிகை அது. ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரே அவருக்குப் பிறகு அந்தியோகியாவில் வந்தது.

நம்பிக்கை: இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் யூத நெறியை உதறிவிட்டுப் புது மதம் தொடங்கினார்.
உண்மை: தன்னை இஸ்ரவேலன் என்றே அவர் எழுதினார். யூதரல்லாதவர் இயேசுவின் வழியில் சேர்ந்தால் விருத்தசேதனம் வேண்டுமா என்பதுதான் வழக்கு. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் பேசி, வேண்டாம் என்று முடித்தார்கள். பேசிய இரு தரப்பாரும் யூதர்களே; பங்காளிகளுக்குள் நடந்த பஞ்சாயத்து அது.

நம்பிக்கை: இரு மதங்களும் ஒரே வெட்டில் பிரிந்தன.
உண்மை: கி.பி. 70-இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தது பெரிய திருப்பம்தான். ஆனால் 386-இலும் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தம் சபையார் யூதப் பண்டிகைகளுக்குப் போவதைக் கண்டித்துப் பிரசங்கித்தார். போகாதவர்களை யாரும் கண்டிப்பதில்லையே!

நம்பிக்கை: இந்தியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர்.
உண்மை: சேலத்தில் லண்டன் மிஷன் வேரூன்றியது 1827-இல். பெரியவர் மனதில் இருந்தது அந்தக் காலம். ஆனால் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் செப்பேடு எழுதிக்கொடுத்தது 849-இல்; வாஸ்கோ ட காமா வருவதற்கு 649 ஆண்டு முன்பு. அதன் சாட்சிக் கையொப்பங்கள் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. கிறிஸ்தவக் கோயிலின் பத்திரத்துக்கு யூதர் சாட்சி.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஏனுங்க, அப்ப ஆமென்னுங்கறது?”

“அதுவும் எபிரேயந்தானுங்க.”